முந்திரிக்கொட்டையும் என் எடையும்

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால் என் மனைவி சுலோசனா ஒரே வரியில் முடித்துவிடுவாள்: "கண்ணாடி ஆடாம பிடிச்சுக்கிட்டு இருந்தாரு."

கேட்டவர் என்னைப் பரிவோடு பார்ப்பார். சலூனில் முடி வெட்டி முடித்ததும் பின்மண்டையைக் காட்டக் கண்ணாடி பிடிப்பார்களே, அந்த உத்தியோகம் என்று நினைத்துக்கொள்வார். நான் மறுப்பதில்லை. பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. சலூன்காரர் கை நடுங்கினால் உங்கள் பிடரி தெரியாது. என் கண்ணாடி நடுங்கினால் உலகத்தின் பாதி விஞ்ஞானிகள் அவரவர் தாய்மொழியில் என்னைத் திட்டுவார்கள்.

இவ்வளவு பெரிய கண்ணாடிக்காரன் வீட்டில், குளியலறைக் கண்ணாடி கிரகப்பிரவேசத்தன்று நான் மாட்டிய கோலத்தில் இன்றும் சாய்ந்துதான் தொங்குகிறது. அதில் பார்த்து வெட்டிக்கொள்வதால் என் மீசையும் ஒரு பக்கம் ஏற்றம். விருந்தாளிகள் வந்தால் சுலோசனா முதலில் கண்ணாடியைக் காட்டுவாள், பிறகு மீசையை, அதற்குப் பிறகுதான் காபி.

எங்கள் வளையம் ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் முந்திரிக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. அதன் முழுப் பெயரைப் பலகையில் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் எல்லோருக்கும் அது வளையம்தான். ஒரு சிற்றூரையே உள்ளே வைத்துப் பூட்டலாம் என்கிற அளவுக்கு வட்டமான கட்டடம். அதற்குள் ஒரு குழாய். குழாய்க்குள் எலெக்ட்ரான்கள் தலைதெறிக்க ஓடும். திருப்பத்தில் வேகமாகத் திரும்பும் டவுன் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து வெற்றிலைச் சாறு தெறிப்பதில்லையா, அந்த மாதிரி வளைகிற இடத்திலெல்லாம் அவை ஒளியைத் தெறிக்கவிடும். அந்த ஒளியை ஒரு கண்ணாடி பிடித்துத் திருப்பிவிடும். திருப்பிய இடத்தில் யாராவது பாம்பு விஷத்தின் அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கண்ணாடி உட்காரும் ஆசனம்தான் என் வடிவமைப்பு. தாங்கி என்போம்.

எவ்வளவு ஆடாமல் இருக்க வேண்டும்? ஆண்டிமடத்தில் நின்றுகொண்டு, சென்னைக் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஊரும் எறும்பின் எந்தக் கால் நொண்டுகிறது என்று சுட்டிக்காட்ட வேண்டும். சரி, அளந்துவிட்டேன். எறும்பைச் சுட்டினால் போதும்.

இதெல்லாம் காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் நடக்கும். நிலாவில் இருக்கும் காற்றைக் கொண்டுவந்து உள்ளே விட்டால் தாங்கிக்குப் புழுங்கும்! எண்ணெய் கூடாது, கிரீஸ் கூடாது. ஒரு கைரேகை பட்டால்கூட மாதக்கணக்கில் அதிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்துக்கும் சந்தனப் பொட்டு வைப்போம். தாங்கிக்கு மட்டும் பெட்டிக்கு வெளியே, அதுவும் இரண்டு பேர் காவலோடு. எண்ணெய் இல்லாமல் கீல் எப்படித் திரும்பும்? கீலே கிடையாது. உலோகத்தை ஓரிடத்தில் மெலிதாகச் சீவி, அது வளைகிற வளைவிலேயே காரியத்தை முடித்துக்கொள்வோம். கால் மூன்றுதான். டீக்கடை பெஞ்சுக்கு நாலு கால், அதனால் ஆடும். முக்காலி ஆடாது. மூன்று காலில் ஒன்றை இறுக்கினால் இன்னொன்று தளரும். என் தொழிலின் மொத்த ஞானமும் இந்த ஒரு வரிதான். நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் கண்ணாடி ஆடத்தான் செய்தது. சாலையில் முந்திரி ஏற்றிய லாரி போனால் ஆடும். தூரத்துச் சுரங்கத்தில் வெடி வைத்தால் ஆடும். எல்லாவற்றையும்விட மனிதர்கள் நடந்தால் ஆடும். என் தாங்கி ஆட்டத்தை உணர்ந்து சரிசெய்வதற்குள் அடுத்த ஆள் நடந்துவிடுவார்.

அப்போதுதான் பர்வீன் என் மேசைக்கு வந்தாள். கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுகிறவள், பரங்கிப்பேட்டைக்காரி. ஒப்பந்தத்தில் சேர்ந்து, ஒப்பந்தத்திலேயே நரை கண்டவள்.

"சார், நீங்க கண்ணாடி ஆடினதுக்கு அப்புறம் பிடிக்கிறீங்க."

"வேற எப்ப பிடிக்கிறது?"

"ஆடுறதுக்கு முன்னாடி."

"ஆடாத கண்ணாடியை எதுக்கும்மா பிடிக்கணும்?"

"ஆடப்போவுதே, அதுக்கு. வீட்ல அக்கா பால் பொங்குறதுக்கு முன்னாடிதானே அடுப்பை அணைப்பாங்க? பொங்கினதுக்கு அப்புறமா அணைப்பாங்க?"

"பொங்கினதுக்கு அப்புறம்தான். அதையும் நான்தான் போய் அணைக்கணும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள், தன் தலையில்தான். பிறகு உட்கார்ந்து விளக்கினாள். கண்ணாடி நிற்கும் கூடத்துத் தரைக்குள் அதிர்வைக் கேட்கும் செவிகளை நிறையப் புதைப்பது. அவை கேட்பதையெல்லாம் ஒரு நிரல் கற்றுக்கொள்ளும். யார், எந்த வாசலில் நுழைந்து, எத்தனை அழுத்தமாகக் காலை வைத்து, எங்கே திரும்புவார் என்று அடுத்த அடியை முன்கூட்டியே ஊகித்து, தாங்கியின் மூன்று காலையும் எதிர்த்திசையில் நகர்த்திவிடும். அதிர்வு வந்து சேரும்போது கண்ணாடி ஏற்கெனவே விலகி நின்று வழிவிட்டிருக்கும்.

செய்தோம். முதல் நாள் சோதனையில் கிரேன் ஓட்டும் தணிகாசலம் கூடத்துக்குள் ஒரு காலை வைக்கத் தூக்கினார். வைப்பதற்குள் தாங்கி நகர்ந்துவிட்டது. தூக்கிய காலோடு நின்று அவர் கேட்டார்: "நான் இன்னும் வரவேயில்ல, அதுக்குள்ள யாருய்யா இதைக் கூப்பிட்டது? சரியான முந்திரிக்கொட்டை!"

வெளியே காடு முழுக்கப் பழத்துக்கு முன்னால் கொட்டையை நீட்டிக்கொண்டு முந்திரி தொங்குகிற ஊர். பெயர் ஒட்டிக்கொண்டது.

முந்திரிக்கொட்டை எங்கள் எல்லோரையும் காலால் அறிந்துகொண்டது. கூடத்துக்குள் வெளிச் செருப்பு கூடாது. வாசலில் ஆளுக்கொரு ரப்பர் செருப்பு பெயர் எழுதி இருக்கும். அந்த ரப்பரையும் மீறி அது ஆளைக் கண்டுபிடித்தது. என்னைக் கண்டுபிடிக்க அது சிரமப்படவேயில்லை. முன்பொரு முறை பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று இடது பாதத்தில் விழுந்ததிலிருந்து நான் காலை இழுத்து நடப்பவன். அதற்கு மேல் உடம்பு வேறு. என் நடை ஒரு சின்ன ஊர்வலம்.

கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஆளுக்கொரு கம்பம் வரைந்து காட்டும். பர்வீன் அதை 'எடை' என்பாள். "நாளைக்கும் நீங்க வருவீங்கன்னு அது எவ்வளவு நம்புதோ, அவ்வளவு எடை சார்."

"என் உடம்பு எடைதான் இருக்கே, அது போதாதா?"

"அது உங்களுக்குப் போதும். கூடத்துக்கே போதும்."

ஒருநாள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரின் கம்பம் மெல்லத் தாழ ஆரம்பித்தது. செவியில் கோளாறு என்று நினைத்தோம். அடுத்த வாரம் அவர் துபாய்க்குப் போக ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பிறகு மின்பணியாளர் துரைக்கண்ணுவின் கம்பம் தாழ்ந்தது. அவர் எங்கும் போவதாகச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் நானும் பர்வீனும் கேண்டீனில் உட்கார்ந்திருந்தோம்.

"எப்படிம்மா தெரியுது அதுக்கு?"

"நடையில சார். இருக்கப்போறவங்க உள்ள வரும்போது வேகமா வர்றாங்க, வெளிய போகும்போது மெதுவா போறாங்க. போகப்போறவங்களுக்கு அப்படியே தலைகீழ். அவங்களுக்கே தெரியறதுக்கு முன்னாடி காலுக்குத் தெரிஞ்சிடுது. எதுக்காகப் போறாங்கன்னு மட்டும் அதுக்குத் தெரியாது. வேலையை விட்டா, ஊரை விட்டா..." மூன்றாவதை அவள் சொல்லவில்லை.

இதை எங்கள் இரண்டு பேரோடு வைத்திருந்திருக்க வேண்டும். நான்தான் இரண்டு பேருக்கு மேல் யாரிடமும் சொல்லாதவன் ஆயிற்றே. தணிகாசலத்திடம் ஒரு முறை, தோட்டக்காரரிடம் ஒரு முறை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஒரு முறை. அடுத்த வாரம் இயக்குநர் டாக்டர் மாசிலாமணி அந்தத் திரையைத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டார்.

மாசிலாமணி கெட்டவர் இல்லை. எதையும் வீணாக்கக் கூடாது என்று நினைப்பவர். காகிதத்தின் இரண்டு பக்கமும் அச்சிடச் சொல்பவர். "போகப்போறவங்களுக்கு எதுக்கு முக்கியப் பொறுப்பு குடுத்து வீணாக்கணும்? முன்கூட்டியே திட்டமிடலாமே" என்றார். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. புரத ஆய்வுக் குழுவின் தலைவி கயல்விழியின் கம்பம் ஒரு மாதம் தாழ்ந்து தாழ்ந்து எழுந்தது. மகளின் பள்ளிக்காகக் கோவைக்குப் போவதா வேண்டாமா என்று அவர் மனத்துக்குள் ஊஞ்சலாடிக்கொண்டிருந்த நேரம். மாசிலாமணி முன்கூட்டியே திட்டமிட்டு அவரைத் தலைமையிலிருந்து எடுத்தார். ஊஞ்சல் நின்றது. கயல்விழி கோவைக்குப் போய்விட்டார்.

"பாத்தீங்களா, எவ்வளவு துல்லியம்!" என்றார் மாசிலாமணி.

அதற்குப் பிறகு வளையத்தில் ஒருவரும் நடக்கவில்லை. மிதித்தார்கள். உள்ளே வரும்போது குடியரசு தின அணிவகுப்பு. வெளியே போகும்போது பிணத்தோடு போகிற நடை. ஐம்பது பேர் தாங்கள் எங்கேயும் போகவில்லை என்று தரைக்கு நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். தரை அதிர்ந்தது. பாம்பு விஷத்தின் அணு மங்கலாகத் தெரிந்தது. பயந்து மிதிக்கிறவர்களின் கம்பமெல்லாம் இன்னும் வேகமாகத் தாழ்ந்தது. பயப்படுகிறவர் நடையும் போகப்போகிறவர் நடையும் முந்திரிக்கொட்டைக்கு ஒன்றுதான் போலிருக்கிறது.

நான் மிதிக்கவில்லை. எனக்கென்ன? ஓய்வு வயதைத் தாண்டி, வருடா வருடம் நீட்டிப்பு வாங்கி, நான் இல்லாவிட்டால் கண்ணாடி கீழே விழுந்துவிடும் என்று ஊரையெல்லாம் நம்பவைத்திருந்தவன். உண்மையில் முந்திரிக்கொட்டை வந்தபிறகு எனக்கு வேலையே இல்லை. காலையில் போய்த் தாங்கியைப் பார்த்து, "சௌக்கியமா?" என்பேன். அது ஆடாமல் இருக்கும். நான் கேண்டீனுக்குப் போண்டா தின்னப் போய்விடுவேன்.

அந்த நாட்களில் சில விசித்திரங்கள் நடந்தன. நான் கவனித்தேன், யோசிக்கவில்லை. பொறியாளர்களுக்கு இது பரம்பரை வியாதி.

பர்வீன் ஒரு மாலை வீட்டுக்கு வந்து சுலோசனாவோடு சமையலறையில் குசுகுசுவென்று பேசிவிட்டுப் போனாள். மறுநாளே சுலோசனா என்னைக் கடலூருக்கு இழுத்துப் போய், தலை முதல் கால் வரை எல்லாப் பரிசோதனையும் செய்யவைத்தாள். மருத்துவர் ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் வாயு, போண்டாவைக் குறையுங்கள் என்றார். இந்த ஒரு வரிக்காக என் ரத்தத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

கழற்றி எறிந்துவிட்டுப் போன என் ரப்பர் செருப்பு மறுநாள் காலையில் ஜோடியாக நிற்கும். கூட்டுகிறவர்கள் நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தணிகாசலம் ஒருநாள் கேண்டீனில் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். "சார், இங்கயா இருக்கீங்க? நீங்க கூடத்துக்குள்ள இருக்கறதா வாசல் போர்டு காட்டுதே."

"எனக்கு அவ்வளவு எடைய்யா. ரெண்டு இடத்துல இருப்பேன்."

பர்வீன் வேறு, தோளில் ஒரு கனத்த பையோடு திரிந்தாள். கதிர்வீச்சைத் தடுக்க அடுக்கும் ஈயக்கட்டிகள். "எதுக்கும்மா இதைத் தூக்கிட்டு அலையறே?" என்றால், "உடற்பயிற்சி சார். உங்களுக்கும் ரெண்டு தரவா?" என்பாள்.

இப்படி இருக்கையில் பர்வீனுக்கு நிரந்தரப் பணிக்கான நேர்காணல் அறிவித்தார்கள். எத்தனையோ வருடமாக அவள் காத்திருந்தது. "உம்மாகிட்ட சொல்லிட்டேன் சார். இனிமே வருசா வருசம் ஒப்பந்தம் புதுப்பிக்கிறாங்களான்னு நோன்பு இருக்க வேண்டாம்னு" என்று சிரித்தாள். நான் இயக்குநர் அறையில் ஏதோ கையெழுத்துக்குப் போனபோது திரையைப் பார்த்தேன். பர்வீனின் கம்பம் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

கேண்டீனைத் தாண்டி நேராக அவளிடம் போனேன். போண்டா வாங்கவில்லை. அவளைத் தனியே கூப்பிட்டேன்.

"எங்கயாவது போறியா?"

"இல்லையே சார்."

"உடம்பு எப்படி இருக்கு? நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது..."

"ரெண்டு மாடி ஏறினா உங்களுக்குத்தான் வாங்கும்."

"விளையாடாதே. உன் கம்பம் தாழ்ந்திருக்கு. நேர்காணல் அன்னிக்கு அந்த மனுஷன் அதைத்தான் பார்ப்பாரு."

அவள் முகம் மாறியது. ஆனால் பயத்தில் இல்லை. திருடும்போது பிடிபட்டவள் முகம். அதையும் கவனித்தேன், யோசிக்கவில்லை.

"ஒரு வாரம் ஒழுங்கா நடந்தா சரியாயிடும் சார். நான் பாத்துக்கறேன்."

"நீ நடந்தா பயந்து நடப்பே. இன்னும் இறங்கும். எல்லாரும் மிதிச்சு மிதிச்சு என்ன ஆனாங்கன்னு பாத்தியே. உன் மாதிரி, ஆனா பயமில்லாம வேற யாராவது நடக்கணும்." என் மூளை ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. "நான் நடக்கிறேன்."

பர்வீன் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். கீழே போகப் போக நேரம் பிடித்தது. "நீங்க. என் மாதிரி."

"ஆமா. நீ லீவு போட்டுட்டு வீட்ல உக்காந்து நேர்காணலுக்குப் படி. இல்லன்னா ரெண்டு பர்வீன் ஆயிடும்."

"லீவா? சார், நான் வராட்டி வேற ஒருத்தருக்குச் சிக்கல்."

"யாருக்கு?"

"அது... விடுங்க. உங்ககிட்ட சொன்னா ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தெரிஞ்சிடும்."

"எவனா இருந்தாலும் ஒரு வாரம் சமாளிப்பான். நீ போ" என்று துரத்திவிட்டேன்.

வீட்டில் பயிற்சியை ஆரம்பித்தேன். பர்வீன் குதிகாலைத் தரையில் வைக்காமல், ஏதோ சூடான மணலில் ஓடுகிற மாதிரி குட்டிக்குட்டி அடியாக நடப்பாள். கூடத்திலிருந்து சமையலறைக்கு நான் அப்படி ஓடியபோது சுலோசனா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, வயித்துல ஏதாவது சங்கடமா?"

"பர்வீன் மாதிரி நடந்து பாக்கறேன்."

"எதுக்கு?"

"அவளுக்கு வேலை நிரந்தரமாகணும்."

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் இந்த இடத்தில் பிறந்த வீட்டுக்குப் போன் போட்டிருப்பாள். சுலோசனா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப முழங்கையை மடக்கி உள்ள வைங்க. அந்தப் பொண்ணு பையை அப்படித்தான் அணைச்சுப் பிடிக்கும். தோளு ரெண்டும் ஏறும், அடி சின்னதாகும்." செய்து பார்த்தேன். சின்னதாயிற்று.

மறுநாள் காலையில் பர்வீனின் ரப்பர் செருப்பில் என் பாதத்தின் முன்பாதியை நுழைத்துக்கொண்டு கூடத்துக்குள் இறங்கினேன். உள்ளே நுழையும்போது பண்டிகைக்குத் துணி எடுக்கப் போகிற வேகம். வெளியே வரும்போது பிறந்த வீட்டை விட்டுப் பிரிகிற பெண்ணின் தயக்கம். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கேட்காதீர்கள். என் கெண்டைக்கால் இன்றும் அதை எண்ணிக்கொண்டிருக்கிறது.

கிரேன் மேலிருந்து தணிகாசலம் குரல் கொடுத்தார். "சார், செருப்பு மாத்திப் போட்டுட்டீங்க!"

"தெரியும்யா!"

"நடையையும் மாத்திப் போட்டுட்டீங்க!"

"மேல பாத்து ஓட்டுய்யா!"

முந்திரிக்கொட்டை முதலில் குழம்பியது. பர்வீன் ஒரே இரவில் இரண்டு பேர் எடைக்கு ஊதிவிட்டாள் என்று நினைத்திருக்கும். ஆனால் நடை நடைதான். அவள் கம்பம் எழுந்தது. முழங்கால், இடுப்பு, தோள். நேர்காணலன்று மற்றக் கம்பங்களெல்லாம் பக்கத்து வீடுகளாகத் தெரிய, அது கோபுரம் மாதிரி நின்றது.

"இந்த நிறுவனத்துல இப்படி ஊன்றி நிக்கிற ஆளை நான் பார்த்ததேயில்ல" என்று மாசிலாமணி நேர்காணல் குழுவிடம் உருகினாராம். அன்று மாலையே பர்வீனுக்கு நிரந்தர ஆணை கையெழுத்தானது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். என்னைப் பாராட்டப்போகிறார் என்று மீசையைத் தடவிக்கொண்டே போனேன். திரையை என் பக்கம் திருப்பினார். கோபுரத்துக்கு அடுத்து, எரிந்து முடிந்த கொசுவத்திச் சுருளின் சாம்பல் மாதிரி தரையோடு தரையாக ஒன்று கிடந்தது.

"கலியபெருமாள், இது நீங்க."

பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வாரம் முழுக்க நான் பர்வீனாக நடந்தேன். கலியபெருமாளாக யார் நடந்தது? ஒரு காலை இறுக்கினால் இன்னொன்று தளரும். ஆயுள் முழுக்க இதைத்தான் விற்றுச் சாப்பிட்டேன்.

"நீங்க எங்களை விட்டுப் போறதா முடிவு பண்ணிட்டீங்கன்னு தெரியுது. அப்புறம் நீட்டிப்பு குடுத்து என்ன பண்றது?"

ஒரு வரி சொன்னால் போதும். சார், அந்தக் கோபுரம் நான், அவள் இல்லை. அந்த ஒரு வரியில் என் சாம்பல் கம்பமாகும். மை காயாத அவள் ஆணை சாம்பலாகும். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு ஒரு விஷயம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் நின்றேன்.

"ஆமா சார்" என்றேன். "கிளம்பலாம்னுதான் இருந்தேன்."

அறையை விட்டு வெளியே வந்தபோது ஒரு வேடிக்கை. துக்கமாக நடக்க வேண்டும் என்று நினைத்தேன். கால் கேட்கவில்லை. இடது காலை இழுத்துக்கொண்டே நான் வாசலை நோக்கி ஓடினேன், பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி.

அன்று இரவு பர்வீன் போனில் அழுதாள், கத்தினாள். "எதுக்கு சார் என்னை லீவு போடச் சொன்னீங்க? எதுக்கு லீவு போடச் சொன்னீங்க?" நிரந்தர வேலை கிடைத்தவள் லீவுக்காக இப்படி அழுவாளா என்று சுலோசனாவிடம் ஆச்சரியப்பட்டேன். சுலோசனா என்னை ஒரு பார்வை பார்த்தாள். குளியலறைக் கண்ணாடியைப் பார்க்கிற அதே பார்வை.

ஓய்வு எனக்குப் பிரமாதமாக ஒத்துக்கொண்டது. எதையும் பிடிக்க வேண்டாம். எது ஆடினாலும் ஆடட்டும். பகலில் இரண்டு தூக்கம், நடுவில் ஒரு இடைவேளைத் தூக்கம். நான் இல்லாமலே கண்ணாடி நன்றாக நிற்கிறதாம். அதைக் கேட்டு ஒரு நாள் முழுக்க வருத்தப்படுவதாகத் திட்டமிட்டு, மதியத்துக்குள் மறந்துவிட்டேன்.

பலாப்பழக் காலத்தில் பர்வீன் வீட்டுக்கு வந்தாள். மாடியில் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, சுலோசனா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே செய்தி சொன்னாள்.

"திரையை எடுத்துட்டாங்க சார். இப்ப யார் கம்பமும் யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்கு மட்டும்தான் தெரியும்."

"மாசிலாமணி எப்படி விட்டாரு?"

"அவர் கம்பம் விழுந்துடுச்சு."

"ஐயையோ, உடம்புக்கா?"

"ஒண்ணுமில்ல சார். எப்பப் பாத்தாலும் அறையில உக்காந்து திரையையே பாத்துக்கிட்டிருந்தாரு. கூடத்துக்குள்ள கால் வெச்சே மாசக்கணக்காச்சு. நடக்காதவரை அது எப்படி நம்பும்? மேலிடத்துலேருந்து ஆய்வுக்கு வந்தவங்க திரையைப் பாத்துட்டு, அடுத்த இயக்குநரா யாரைப் போடலாம்னு அவர்கிட்டயே கேட்டாங்க. அன்னிக்கே கம்பியைப் பிடுங்கிட்டாரு."

நான் சிரித்த சிரிப்பில் முந்திரிக்கொட்டை அங்கே ஒரு முறை நகர்ந்திருக்கும்.

சிரித்து முடித்ததும் கேட்டேன். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலம்மா. நீ எங்கயும் போகல. நோயும் இல்ல. பின்ன அன்னிக்கு உன் கம்பம் ஏன் தாழ்ந்துச்சு?"

அவள் டம்ளருக்குள் பார்த்தாள். "யாருக்குத் தெரியும் சார். முந்திரிக்கொட்டைதானே, ஏதாவது உளறியிருக்கும்."

கிளம்பும்போது சுலோசனா ஒரு முழுப் பலாப்பழத்தைத் தூக்கி அவள் தோளில் சாத்தினாள். "உம்மாவுக்குக் குடும்மா. பாத்து எடுத்துட்டுப் போ, இவர் மாதிரி கால்ல போட்டுக்காதே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடினாள். பால் வாசனை வந்துவிட்டிருந்தது. பர்வீன் பழத்தோடு வாசல் பக்கம் திரும்பினாள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஓய்வு பெற்றவன் எழுந்திருப்பதில்லை.

மாடிப்படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. தொம். சர்ர். தொம். சர்ர்.

சமையலறையிலிருந்து சுலோசனா குரல் வந்தது: "ஏங்க! அந்தப் பொண்ணு போனா நீங்க எங்க கிளம்பிட்டீங்க? சட்டை போட்டீங்களா இல்லையா?"

நான் நாற்காலியில் இருந்தேன். சட்டை இல்லாமல்.

தொம். சர்ர். இடது கால் இழுபடுகிறது. கனத்தைச் சுமந்ததும் அவள் கால் தானாகப் பழைய பழக்கத்துக்குப் போயிருக்கிறது. ஈயக்கட்டிகள். ஜோடியாக நின்ற செருப்பு. நான் போண்டா தின்றபோது கூடத்துக்குள் நடந்த இன்னொரு நான். கடலூர் மருத்துவமனை. லீவு போட்டால் சிக்கலில் மாட்டுகிற அந்த வேறு ஒருத்தர்.

முதலில் விழுந்தது என் கம்பம். துரைக்கண்ணுவுக்கு விழுந்த மாதிரி எனக்கும் என்று அவள் நடுங்கியிருக்கிறாள். என்னை மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, மாசிலாமணியின் கண்ணில் படாமலிருக்க, என் செருப்பைப் போட்டுக்கொண்டு, என் எடையைத் தோளில் தூக்கிக்கொண்டு, தன் எடையைத் தேயவிட்டு, என்னை நடந்து நடந்து நிறுத்தி வைத்திருந்திருக்கிறாள். நான் வந்து அவளை லீவில் துரத்தினேன். பாவி முந்திரிக்கொட்டை பொய்யே சொல்லவில்லை. வேலை இல்லாத இடத்துக்குள் நான் காலை இழுத்துக்கொண்டு நுழைவதையும், போண்டாவை நோக்கிப் பறப்பதையும் பார்த்து, இந்த ஆளுக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது.

எழுந்தேன். பால்கனிக்கு ஓடினேன். கீழே பர்வீன் பலாப்பழத்தோடு கேட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. "இடது காலை இன்னும் கொஞ்சம் இழுக்கணும்!"

அவள் நின்றாள். திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது, சிரிப்பா வேறு ஏதாவதா தெரியவில்லை. பிறகு பழத்தைச் சரியாக அணைத்துக்கொண்டு, இடது காலை நன்றாக இழுத்து, தெருவில் நடந்து போனாள்.

என் சத்தம் கேட்டுச் சுலோசனாவும் பால்கனிக்கு வந்துவிட, உள்ளே பால் பொங்கிவிட்டது. நான்தான் போய் அணைத்தேன்.